பார்சலோனாத் துறைமுகம்

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே, மத்தியதரைக் கடலோரம் அமைந்த மாநகர் பார்சலோனா. அதன் பழந்துறைமுகத்தை நடந்தே காணுதல் நன்று.

‘இராம்பிளா’ என்னும் மரநிழற்சாலை கடலை அணுகுமிடத்தில் கொலம்பசின் நினைவுத்தூண், சிலையோடு 60 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. 1888-ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியின்போது எழுப்பப்பெற்றது அது. அருகே பண்டை மன்னர்தம் கப்பல் கட்டுந்தளம் உளது. 13-ஆம் நூற்றாண்டில் தோன்றிப் பின்னர்ப் புதுக்கப்பெற்ற அதன் கல்வளைவுக் கூடங்கள் இன்று கடல்சார் அருங்காட்சியகமாய் விளங்குகின்றன. 1571-இல் நிகழ்ந்த லெப்பாந்தோக் கடற்போரில் தலைமைக் கலமாய்ச் சென்ற துடுப்புக் கப்பலின் முழு அளவு மாதிரியை அங்குக் காணலாம்.

அங்கிருந்து கரையோரமாக வடகிழக்கே சிறிது தொலைவு நடந்தால் கடல் மரியன்னை கோயிலை அடையலாம். அதன் திருப்பணி 1329-இல் தொடங்கி 1383-இல் முடிவுற்றது. அதற்கு வேண்டிய கற்கள் மொஞ்சுயிக் குன்றில் வெட்டப்பெற்றன. துறைமுகச் சுமையாளர் அவற்றை முதுகிற் சுமந்து வந்து சேர்த்தனர். அவ்வுழைப்பை ஊரார் மறந்திலர். சுமை தாங்கிய அவர்தம் சிற்றுருவங்களைக் கோயிற் பெருங்கதவிலேயே வெண்கலத்தில் பொறித்து வைத்தனர்.

கொலம்பசின் சிலையை நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். இச் சுமையாளரைக் காண அருகணைதல் வேண்டும். பெயர் அறியப்படாத அவர்தம் தோள்வலியும் அத் துறைமுக நகரின் பெருமைக்குக் காரணமாகும்.