ஒழுகும் கூரையும் அப்ளைடு மெக்கானிக்ஸும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



பைபாஸ் ஓரத்தில் டிரெய்லரில் நடக்கும் டிபன் கடைகளை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்ப்பது என்ன, மாசக் கடைசியில் நம்மில் பாதிப் பேருக்கு அதுதான் மெஸ்! தோசைக் கல்லைப் பார்ப்போம், மாஸ்டரின் கையைப் பார்ப்போம், சட்னி தீர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்போம். தலைக்கு மேலே இருக்கும் கூரையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கூரையைப் பற்றியது. கெட்டுப்போன கூரையைப் பிரித்து, புதிதாக ஒன்றை நாமே போட முடியுமா? முடியும். நம் சிலபஸில் உள்ளது அதற்குப் போதுமா? முக்கால்வாசிக்குப் போதும். மீதிக் கால்வாசியை ஒரு டிங்கர் அண்ணனிடம் கற்றுக்கொண்டோம்.

எங்கள் அம்மா கரூரில் நடத்துவது அப்படிப்பட்ட ஒரு டிரெய்லர் கடைதான். 10 அடி நீளம், 6 அடி அகலம். என் ஃபீஸ், தங்கையின் ஃபீஸ், வீட்டு வாடகை மூன்றும் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வர வேண்டும். சென்ற ஐப்பசி மழையில் கூரை ஒழுகிற்று. ஒழுகினால் பாத்திரம் வைத்துப் பிடித்துக் கொள்ளலாம். ஆனால் தண்ணீர் ஸ்விட்ச் போர்டுக்குள் இறங்கி, அதைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. "கையப் புடிச்சு இழுத்தாப்பல இருந்துச்சு கண்ணு" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு பட்டறையில் விசாரித்தோம். அவர்கள் கேட்ட தொகை கடையின் இரண்டு மாத வருமானம். வண்டியைப் பதினைந்து நாள் விட்டுவிட வேண்டுமாம். அந்தப் பதினைந்து நாள் அடுப்பு எரியாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. ஆகவே அடுத்த ஆயுத பூஜை விடுமுறையில், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், வகுப்புத் தோழர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

முதல் பாடம் இதுதான். உள்ளே எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தகட்டின் அடிப்பக்கத்தை ஒட்டியே பல அடி தூரம் ஓடி, ஏதாவது ஒரு ஸ்க்ரூ முனை கிடைத்ததும் அங்கே சொட்டும். கண்டுபிடிக்கும் முறை சுலபம். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும், ஆனால் கீழிருந்து மேலாக. முதலில் ஓரங்கள், ஐந்து நிமிடம் பொறுத்து அதற்கு மேலே ஓரடி, பிறகு இன்னும் மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், ஒன்றும் விளங்காது.

எங்கள் வண்டியில் மூன்று இடங்கள் அகப்பட்டன. புகைக் குழாய் வெளியேறும் துளை ஒன்று. கடைப் பெயர்ப் பலகையைக் கூரையிலேயே போல்ட் போட்டு நிறுத்தியிருந்த இடம் ஒன்று. இரண்டு ஜி.ஐ. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஜாயின்ட் ஒன்று. இந்த மூன்றாவதுதான் சுவாரஸ்யமானது. அங்கே ஓட்டையே கிடையாது! நெருக்கமாக இருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் தானாக ஏறும். பிசிக்ஸ் லேபில் மெல்லிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தோமே, அதே நுண்புழை ஏற்றம்தான். கூரை சப்பட்டையாக இருந்ததால் தண்ணீர் வடியாமல் தேங்கி நின்று, இந்த விளையாட்டுக்கு வேண்டிய நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தது.

அடுத்தது, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்ப்பது. உட்பக்க பிளைவுட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினோம். கேக்கில் கத்தி இறங்குவது போல இறங்கிற்று. சதுர பைப் சட்டத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டினோம். நல்ல பைப் 'டங்' என்னும், உள்ளே துரு தின்ற பைப் 'டப்' என்னும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்த இரண்டு பைப்புகள் 'டப்' என்றன. மேலிருந்து அடித்த ஸ்க்ரூ துளை வழியாகத் தண்ணீர் பைப்புக்குள் போயிருக்கிறது; வெளியே வர வழி இல்லை. இதற்கு மேல் எத்தனை டியூப் சிலிக்கான் பூசினாலும் பயன் கிடையாது. உள்ளே இருக்கும் ஈரத்தை மூடி வைத்து, துருவுக்குச் சோறு போட்ட கதையாகத்தான் முடியும்.

இது நம்ம ஊர் டிரெய்லருக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. அமெரிக்காவில் குடும்பத்தோடு ஊர் சுற்றப் பயன்படும் டிராவல் டிரெய்லர்களில் பலவற்றுக்கு மரச் சட்டம், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு என்றுதான் கூரை இருக்கிறது. அங்கும் ரப்பர் நடுவில் ஒழுகுவது குறைவு. ஓரங்கள், காற்றுப் போக்கி, ஸ்க்ரூ அடித்த இடங்கள், இவற்றின் சீலன்ட் வெடித்துத்தான் பிளைவுட் ஊறி உளுத்துப் போகிறது. 1936இல் விற்பனைக்கு வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் என்னும் டிரெய்லர், விமானம் போலவே அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்யப்பட்டது. கூரையே வளைவு, மேலே தண்ணீர் நிற்க இடமில்லை.

"வழி வுடுங்க தம்பி!"

கரூரில் பஸ் பாடி கட்டும் தொழில் பிரசித்தம் என்பது தெரிந்ததே. எங்கள் தெருவில் பல வருஷமாக பஸ் பாடி டிங்கரிங் செய்யும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாங்கள் போட்ட டிராயிங்கைக் கொண்டுபோய்க் காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "எல்லாம் சரிங்க தம்பி. தண்ணியத் தடுக்கோணும்னு மட்டும் நெனைக்காதீங்க. அது போறதுக்கு வழி வுடுங்க. தடுத்தா அது வேற வழி பாத்துக்கும்" என்றார். "சரிங்ணா" என்று திரும்பி வந்து டிராயிங்கைக் கிழித்துவிட்டு, சப்பட்டைக் கூரைக்குப் பதில் வளைவுக் கூரை என்று முடிவு செய்தோம்.

6 அடி அகலம் என்பது 1,830 மி.மீ. நடுவில் 60 மி.மீ. உயர்ந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் வளைவின் ஆரம் என்ன? பாதி அகலம் 915. அதன் வர்க்கத்தை உயரத்தின் இரு மடங்கான 120ஆல் வகுத்தால் 6,977. அதோடு உயரத்தில் பாதி 30ஐக் கூட்டினால் 7,007. ஆகக் கூடி 7 மீட்டர். வீட்டுக்கு எதிரே உள்ள சிமென்ட் களத்தில் ஓர் ஆணியை நிறுத்தி, 7 மீட்டர் கயிற்றின் நுனியில் சாக்பீஸைக் கட்டி, முழு அளவில் வளைவைத் தரையிலேயே வரைந்துவிட்டோம். கிரில் பட்டறையில் 25 மி.மீ. சதுர பைப்பை வளைத்து வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் அந்தச் சாக்பீஸ் கோட்டின் மேல் வைத்துச் சரிபார்த்தோம். மொத்தம் ஆறு வளைவுகள். இவ்வளவு வளைத்தும் தகட்டுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட நீளம் 5 மி.மீ. தான். சப்பட்டைக் கூரைக்கும் தண்ணீர் வடியும் கூரைக்கும் செலவில் இவ்வளவுதான் வித்தியாசம் என்பதைக் கவனிக்கவும்!

பிரிக்கும்போது முதல் வேலை கேஸ் சிலிண்டரை வண்டியை விட்டுத் தூரமாக வைப்பது. இரண்டாவது, மின் இணைப்பைத் துண்டிப்பது. அதன் பிறகே கிரைண்டரைத் தொட வேண்டும். ஜி.ஐ. பூச்சு உள்ள பைப்பை வெல்டிங் செய்வதாக இருந்தால், வெல்டிங் வரும் இடத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத் திறந்த வெளியில் செய்யுங்கள். துத்தநாகப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும். வெல்டர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 'டப்' என்ற இரண்டு பைப்புகளையும் வெட்டி எடுத்து, புதிதாக வைத்து, ஒவ்வொரு பைப்பின் தாழ்ந்த முனையிலும் 6 மி.மீ. துளை ஒன்று போட்டோம். இதுவும் அண்ணன் சொன்ன 'வழி'தான். தப்பித் தவறி உள்ளே போன தண்ணீர் அந்த வழியே வெளியேறிவிடும். பிறகு எபாக்சி பிரைமர் இரண்டு கோட். பெயின்ட் அடிப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எந்தத் தகடு?

பழைய கூரை 0.8 மி.மீ. ஜி.ஐ. தகடு. இந்த அளவு கூரைக்கு அதன் எடை சுமார் 35 கிலோ. 1.2 மி.மீ. அலுமினியம் போட்டால் 18 கிலோ. தடிமன் ஒன்றரை மடங்கு, எடை பாதி. இரண்டு சக்கர வண்டியில் உச்சியில் எடை குறைந்தால் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கும், திருப்பத்தில் ஆட்டம் குறையும். ஆகவே அலுமினியம்.

ஆனால் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு, இரண்டும் பொல்லாதவை. முதலாவது, வெயிலில் அது இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியத்தின் விரிவு எண் 23 × 10⁻⁶, இரும்புக்கு 12 × 10⁻⁶. 3 மீட்டர் நீளம், இரவுக்கும் நடுப்பகலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். தகடு 2.76 மி.மீ. நீளும், கீழே உள்ள இரும்புச் சட்டம் அதே அளவு சூடானாலும் 1.44 மி.மீ. தான் நீளும். 1.3 மி.மீ. இடைவெளி தினமும் திறந்து மூடுகிறது! தாள் கனத்துக்குப் பூசிய சிலிக்கான் இதைத் தாங்குமா? கிழியத்தான் செய்யும். எனவே சீலன்ட் கனமாக இருக்க வேண்டும், இழுத்தால் நீள வேண்டும். வளைவுகளின் மேல் பி.யு. சீலன்ட்டை 3 மி.மீ. கனத்துக்கு வைத்தோம். அந்தக் கனம் மாறாமல் இருக்க நடுநடுவே 3 மி.மீ. ரப்பர் துண்டுகளை வைத்து, அதன்மேல் தகட்டை உட்கார வைத்தோம். தகட்டில் போட்ட துளைகள் ரிவெட்டைவிடக் கொஞ்சம் பெரியவை, ரிவெட்டின் தலையும் அகலமானது. தகடு நகர்ந்தாலும் தலை துளையை மூடியே இருக்கும்.

இரண்டாவது குணம், முதலாம் ஆண்டு கெமிஸ்ட்ரி. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரம் இருந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் ஆனோடாகிக் கரையத் தொடங்கும், வெள்ளை மாவு போலப் பூக்கும். கடையில் உப்புத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆகவே இரண்டும் தொடும் இடமெல்லாம் பியூட்டைல் டேப் ஒட்டிப் பிரித்தோம். ரிவெட்டும் அலுமினியம், அதிலும் அடி மூடிய வகை. சாதாரண பாப் ரிவெட்டின் நடுவில் ஒரு துளை இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அதுவே ஒரு ஒழுக்கு.

தகடுகளை நீளவாக்கில் போடாமல் குறுக்குவாட்டில் மூன்றாகப் போட்டோம். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு வளைவின் மேலேயே வரும். தண்ணீர் ஜாயின்ட்டைக் கடக்காமல் அதன் பக்கவாட்டிலேயே வழிந்து ஓடும். முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின் மேல் ஏற வேண்டும், மாற்றிப் போட்டுவிடக் கூடாது. வண்டியை இழுத்துப் போகும்போது எதிர்க்காற்று மழையை ஜாயின்ட்டுக்குள் தள்ளாதிருக்க இந்த ஏற்பாடு. நம் ஊர் நாட்டு ஓடு வேய்பவர்களுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ளலாம். பக்க ஓரத்தில் தகட்டைக் கீழ்நோக்கி மடித்து, நுனியை வெளிப்பக்கமாகச் சற்றுத் தூக்கிவிட்டோம். இல்லாவிட்டால் தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே திரும்பி வரும்.

புகைக் குழாய்க்கு 50 மி.மீ. உயரத்தில் ஒரு கழுத்து வைத்து, அதன் மேட்டுப் பக்க விளிம்பைக் கூரைத் தகட்டுக்கு அடியிலும், பள்ளப் பக்க விளிம்பைத் தகட்டுக்கு மேலேயும் விட்டோம். அங்கே மட்டும் சூடு தாங்கும் சிலிக்கான். பெயர்ப் பலகை கூரையிலிருந்து இறங்கிப் பக்கவாட்டுச் சட்டத்துக்குப் போய்விட்டது. கூரைக்கு அடியில் முன்பு தெர்மோகோல் இருந்தது. அடுப்புக்கு மேலே தெர்மோகோல் வைத்த புண்ணியவான் யாரோ! அதை எடுத்துவிட்டு ராக்வூல் வைத்து, பிளைவுட்டுக்குப் பதில் தகட்டாலேயே சீலிங் அடித்தோம்.

ஒயரிங் இனிமேல் கூரையில் ஓடாது. பக்கச் சுவரில் பி.வி.சி. பைப்புக்குள் இறங்கி, ஸ்விட்ச் போர்டு கதவுப் பக்கம் உலர்ந்த இடத்தில் இருக்கிறது. டிரெய்லரின் உடம்புக்கு எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டினோம். இந்த வேலையை மட்டும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்தோம். எலக்ட்ரிகல் பிரிவு நண்பன் பக்கத்தில் நின்று குறுக்குக் கேள்வி கேட்டு அவரை ஒரு வழி பண்ணினான்.

வேலை முடிய ஆறு நாள் ஆயிற்று. சீலன்ட் காய ஒரு நாள் விட்டு, பழையபடி ஹோஸ் பைப் டெஸ்ட், கீழிருந்து மேலாக. உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தது அம்மா. அரை மணி நேரம் கழித்து, "எத்தன நேரம்டா இப்படியே குந்தியிருக்கிறது, மாவு ஆட்டோணும்" என்று குரல் வந்தது. கையில் இருந்த நியூஸ் பேப்பரில் ஒரு துளி ஈரம் இல்லை.

இப்போது நான் செய்வது, ஆடியில் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை ஏணி போட்டு ஏறிப் பார்ப்பதுதான். கூரையில் நேராகக் கால் வைக்காமல், இரண்டு வளைவுகளின் மேல் படும்படி பலகை போட்டு அதில் மண்டியிடுகிறேன். சீலன்ட்டை நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். பள்ளம் விழுந்து திரும்ப எழுந்தால் நல்லது, வெடிப்புத் தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும், பழையதன் மேலேயே பூசக் கூடாது. பைப் முனையில் உள்ள 6 மி.மீ. துளைகளில் குளவி கூடு கட்டுகிறது. ஒரு சைக்கிள் ஸ்போக் கம்பியைக் கையோடு எடுத்துப் போனால் குத்தி எடுத்துவிடலாம்.