ஒரே மூலநூல், எல்லையின் இரு பக்கம்

களியக்காவிளையைத் தாண்டிப் பேருந்து பாறசாலைக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லையை ஒட்டிய வீடுகளில் தமிழில் தொடங்கும் பேச்சு மலையாளத்தில் முடிவது இன்றும் சாதாரணம். இங்கிருந்து கவிதை எழுத வரும் இளைஞர்களில் சிலர் இந்தக் கலப்பைக் குறையாக நினைத்து, மேடைத் தமிழை இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். இதே வட்டாரத்தில் வாழ்ந்த பெரிய கவிஞர்களில் சிலரோ இரண்டு மொழிகளையும் கூச்சமில்லாமல் பயன்படுத்தியவர்கள்.

நெய்யாற்றின்கரைக்கு அருகே உள்ள அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து கல்லெடுத்துச் சிவனாக நிறுவினார். சாதி கேட்காத அந்தத் தலத்தின் நோக்கத்தைச் சொல்ல அங்கே பொறித்த நான்கு சிறிய அடிகளே அவருக்குப் போதுமானவையாக இருந்தன. பக்கம் பக்கமாக எழுதிக் குவிப்பவர்கள் அந்தக் கல்வெட்டின் முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். குரு மலையாளத்திலும் சமஸ்கிருதத்திலும் பாடியவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் செய்தவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். ‘ஆத்மோபதேச சதக’த்தை அவர் சொல்லச் சொல்லச் சீடர்கள் எழுதிக்கொண்டார்கள் என்பார்கள். வாயில் நிற்காத வரி தாளிலும் நிற்பதில்லை என்பது என் அனுபவம். எழுதியதை உரக்கப் படித்தால் இடறும் சொல் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த அருவிப்புறத்துக்கு இளைஞராக வந்து சேர்ந்தவர் மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான். அப்போது அவர் சிருங்காரச் செய்யுள்களில் கைதேர்ந்தவர். அந்தப் போக்கை விடச் சொன்னார் குரு. ஆசானும் விட்டார். ஆனால் காதலைப் பாடுவதை விடவில்லை. 1907இல் வந்த ‘வீணபூவு’ முதல் அவருடைய காவியங்களில் காதல் துயரமாகவும் விசாரணையாகவும் வேறு முகத்தோடு திரும்பி வந்தது. நல்ல ஆசிரியரின் மறுப்பு கவிஞனுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்றைய பாராட்டுக் குழுக்களில் அந்த மறுப்புதான் கிடைப்பதில்லை.

எட்வின் ஆர்னால்டு ஆங்கிலத்தில் எழுதிய புத்தர் காவியத்தை ஆசான் ‘ஸ்ரீபுத்தசரிதம்’ என்று மலையாளத்தில் ஆக்கினார். எல்லைக்கு இந்தப் பக்கம் தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அதே நூலைத் தழுவி ‘ஆசிய ஜோதி’ தந்தார். இரண்டு மொழியும் தெரிந்த எல்லைக் கிராமத்துப் பிள்ளைக்கு இது ஓர் அருமையான பயிற்சிக்கூடம். புத்தரின் துறவுக் காட்சியை இரண்டிலும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, நூல்களை மூடி வைத்து, தன் வீட்டுப் பேச்சில் பத்து வரி எழுதிப் பார்க்கட்டும். யாப்பு நூலைப் புரட்டுவதைவிட இதில் வேகமாகக் கை தேறும்.

கவிமணி ஆசிரியராக நாகர்கோவில் பக்கமும் திருவனந்தபுரத்திலும் வேலை பார்த்தவர். இரண்டுக்கும் நடுவிலுள்ள சாலை பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போகிறது. குழந்தைப் பாடல்களால் அவரை அறிந்தவர்கள் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய’த்தையும் தேடிப் படிக்க வேண்டும். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனான மருமகனுக்குப் போகும் முறையால் அல்லல்படும் ஒரு பெண்ணே அதில் கதை சொல்கிறாள். கோபத்தைச் சிரிப்பாக மாற்றிய நூல் அது. படிக்கும்போது சிரிப்பு வரும், கொஞ்சம் கழித்துத்தான் உறைக்கும். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறை மாறியது. சட்டம் வரக் கவிதை மட்டும் காரணமல்ல, ஆனாலும் தன் சமூகத்தின் பாகத் தகராறையே கவிதைக்குப் பொருளாக எடுத்த துணிச்சல் இன்றைக்கும் அபூர்வம். நிலவைப் பாடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தைப் பாட ஆளில்லை.

பெயர் தெரியாத கவிஞர்களையும் விட்டுவிடக் கூடாது. திருமலை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மாண்ட இரவிக்குட்டிப் பிள்ளையின் கதைப்பாட்டு தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் இப்பகுதியில் தலைமுறைகளாகப் பாடப்பட்டது. மலையாளத்தார் இத்தகைய கதைப்பாட்டுகளைத் தெக்கன் பாட்டுகள் என்கிறார்கள். இவ்வகைக் கதைகளைப் பாடும் வில்லுப்பாட்டு கோயில் கொடையில் நடந்தால் ஒலிபெருக்கியிலிருந்து தள்ளி, பாடுகிறவர் பக்கமாகவே உட்காருவது நல்லது. அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், பின்பாட்டுக்காரர்கள் எந்தச் சொல்லை வாங்கித் திருப்பிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால், வரியை எங்கே முறிப்பது என்ற புதுக்கவிஞரின் நிரந்தரச் சந்தேகத்துக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.