டிரான்ஸ்போஸ் பொத்தானும் பத்து விரலும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் கல்யாண வரவேற்பு மேடையானாலும் ஞாயிறு ஆராதனையானாலும் கீபோர்டு ஒன்று இருக்கும். கற்க வருபவர்கள் முதலில் விசாரிப்பது எந்த மாடல் வாங்கலாம் என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி, கருவி எதைச் செய்யும், கை எதைச் செய்ய வேண்டும் என்பது. சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை அழுத்திவிட்டால் பாடுபவர் நாலரைக் கட்டையில் பாடினாலும் ஒரு கட்டைக்குப் பழகிய விரல்களை வைத்தே சமாளித்துவிடலாம். நடுப்பாட்டில் அவர் அரைக் கட்டை ஏற்றினால்தான் சிக்கல். ஆட்டோ ஸ்டைலும் அப்படியே: இடது கையில் கார்டு பிடித்தால் டிரம்ஸும் பேஸும் தானாக வரும், ஆனால் சபையார் வரியின் முடிவை இழுத்துப் பாடினால் அந்தத் தாளம் காத்திருக்காது.

தொழில்நுட்பம் இல்லாமல் கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலின் அதை நீட்டித் தந்தது. அந்த நீட்சிக்குள் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்தை வைத்தது அவர் விரல். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். எந்த ஸ்வரம் எங்கே வரவேண்டும் என்பதை அங்கும் மனிதர்தான் முடிவு செய்தார். ஆக, கருவி திறமையின் தேவையைக் குறைப்பதில்லை. திறமை தேவைப்படும் இடத்தை மாற்றுகிறது. மேடையில் பத்துப் பாட்டை ஒப்பேற்ற இவ்வளவு எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு: பாடகர் ஒரு வரியைத் தவறவிட்டால் ஓடுகிற டிராக் அவரைப் பிடித்துக்கொள்ளாது, வாசிப்பவர் பிடித்துக்கொள்வார்.

ஆகவே என் யோசனை இது. முதல் சில மாதங்களுக்கு டிரான்ஸ்போஸையும் ஸ்டைலையும் தொட வேண்டாம், மெட்ரோனோம் போதும். ஒரே பாட்டை வெவ்வேறு கட்டைகளில் வாசியுங்கள். டச் வசதியை அணைக்காதீர்கள்; மெதுவாகத் தொடுவதும் அழுத்தித் தொடுவதும் அதில்தான் பழகும். தோடி ராகத்தின் அசையும் காந்தாரத்தை ஒரு விசையை அழுத்தி மட்டும் கொண்டுவர முடியாது. பிட்ச் பெண்ட் வேண்டும். வலது கை ஒலிகள் அத்தனையையும் அது சேர்த்தே வளைக்கும் என்பதால், முந்தைய விரலை எடுத்து, ஒற்றை ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு திருப்புங்கள். எவ்வளவு திருப்புவது என்பதைக் காதுதான் சொல்லும். எனவே அந்த ஸ்வரம் வரும் பிடியை வாயால் பாடிவிட்டு வாசியுங்கள். இருக்கிற கருவியில் எது முடியவில்லை என்று தெளிவாகச் சொல்ல வரும்போது அடுத்த மாடலுக்குப் பணம் சேர்க்கலாம்.