புனேக் குளிரில் முள்ளெலி

புனேயின் குளிர்காலப் பகலை நம்பிவிடக் கூடாது. ஜனவரியில் மதியம் 30 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கும். விடியற்காலையில் 10 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குட்டி முள்ளெலிக்கோ 24 முதல் 27 டிகிரி வேண்டும். கம்பளி விரித்தால் போதாதா என்று கேட்கலாம். கம்பளி இருக்கும் சூட்டைக் காக்குமே தவிர, சூட்டை உண்டாக்காது. முதுகு முள்ளும் ரோமம்போல் கதகதப்புத் தராது. கூண்டுக்குள் இருக்கும் காற்றையே சூடாக்க வேண்டும். அதற்கு வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டரும் தெர்மோஸ்டாட்டும் நல்லது. இரவில் நடமாடும் பிராணிக்கு பல்பு வெளிச்சம் தொல்லை. தெர்மாமீட்டரை அது படுக்கும் உயரத்தில் வையுங்கள். டைல்ஸ் தரையில் கூண்டை வைக்காதீர்கள். மின்வெட்டுக்கு, துணி சுற்றிய வெந்நீர்ப் பை கைவசம் இருக்கட்டும்.

குளிரில் உறங்குவது முள்ளெலியின் இயல்புதானே என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய முள்ளெலி இலையுதிர் காலத்தில் தின்று கொழுப்புச் சேர்த்து மாதக்கணக்கில் உறங்கும். ஆப்பிரிக்கக் குட்டி முள்ளெலியோ வெப்ப நாட்டுப் பிராணி. அந்தத் தயாரிப்பு இதற்கு இல்லை. 18 டிகிரிக்குக் கீழே இது மயங்கிக் கிடந்தால், அது ஓய்வல்ல, ஆபத்து. வயிறு சில்லிட்டு, நடை தள்ளாடினால் மார்போடு அணைத்து மெல்லச் சூடேற்றுங்கள்; வெந்நீரில் இறக்காதீர்கள். தெளிந்து எழுந்தாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.