தம்ளரைப் பிரித்தீர்கள், பிள்ளையை?

படவேட்டுச் சகோதரிக்கு,

ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலில் உச்சி வெயிலில் வரிசையில் நின்றுவிட்டு வந்தீர்கள். மறுநாள் உதட்டோரம் சுள்ளென்று குத்தல், பொழுது சாய்வதற்குள் கொத்தாக நீர்க்கொப்புளம். மாமியார் அம்மை என்று வேப்பிலை செருகி, உங்களுக்குத் தனித் தட்டும் தனித் தம்ளரும் எடுத்து வைத்துவிட்டார். பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனாரின் பச்சைப் பிள்ளை மட்டும் வழக்கம்போல் உங்கள் மடியில்!

மாமியார் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. சின்னம்மைக் கிருமியும் இதுவும் ஒரே ஹெர்பிஸ் குடும்பம். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் சிம்ப்ளெக்ஸ் வகையாக இருக்கும். கோயில் கூட்டத்தில் ஒட்டியதல்ல. சின்ன வயதில் யாரோ ஆசையாகக் கொடுத்த முத்தத்தில் வந்து, முகத்து நரம்பின் வேரில் பதுங்கியிருந்திருக்கும். வெயில், காய்ச்சல், அலைச்சல், மாதவிலக்கு எதுவும் அதை எழுப்பிவிடும். 2020-ல் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 380 கோடிப் பேருக்கு, இது இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. தட்டைப் பிரித்து வைத்தவருக்கே இருக்கலாம். அதை நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம்.

அண்ணாந்து குடிப்பது நல்ல வழக்கம்தான், துண்டையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எச்சிலும் தோலும் நேராகப் படுவதில்தான் இது அதிகம் பரவுகிறது. கொப்புளம் உடைந்து நீர் வடியும்போது ஆபத்து மிகுதி. பிறந்து ஒரு மாதமாகாத பிள்ளைக்குத் தொற்றினால் மூளை, கல்லீரல்வரை போய் உயிரையே எடுத்துவிடக்கூடும். பொருக்கு உதிர்ந்து தோல் ஆறும்வரை கன்னத்தில் மட்டுமல்ல, கையில்கூட முத்தம் வேண்டாம். முடிந்தால் மற்றவர்களே தூக்கட்டும். நீங்கள்தான் தூக்கியாக வேண்டுமென்றால், புண்ணை மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். புண்ணே இல்லாதவர் எச்சிலிலும் இந்தக் கிருமி அவ்வப்போது வரும் என்பதால், பிள்ளை பார்க்க வரும் உறவுகள் தள்ளி நின்று நெட்டி முறித்துக்கொள்ளட்டும்.

புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள், கருவிழியில் தழும்பு விழக்கூடும். காவி குழைத்து அக்கி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். காவியால் இந்தக் கிருமி சாகாது. உடைந்த புண்ணில் மண் சேர்ந்தால் சீழ்தான் பிடிக்கும். அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. அதன் உருவாக்கத்தில் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன் 1988-ல் நோபல் பரிசு பெற்றார். குத்தல் தொடங்கியதுமே டாக்டரைக் கேட்டு ஆரம்பித்தால்தான் பலன். விட்டாலும் பத்து நாளில் தானாக ஆறும்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ, எங்காவது கொப்புளம் தெரிந்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உங்கள் உதட்டில் கொப்புளம் இருந்ததை, டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.