தாக்குதல் பகடையும் சேதப் பகடையும்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில், ஒரு வாள்வீச்சின் விளைவு இரண்டு தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்து அறியப்படுகிறது: அடி பட்டதா என்பது ஒன்று, பட்டதென்றால் எவ்வளவு காயம் என்பது மற்றொன்று. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இவ்விரண்டையும் கலந்துவிடுவதால்தான்; முதற் பகடையில் எவ்வளவு பெரிய எண் விழுந்தாலும், 20 நீங்கலாக, அது காயத்தைக் கூட்டுவதில்லை. இங்கு விளக்கப்படும் முறை 2014-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பைச் சார்ந்தது.

பகடையைக் கையில் எடுக்கும் முன்பே, எந்த எதிரியை எந்த ஆயுதத்தால் தாக்குவது என்பதை ஆட்டக்காரர் அறிவித்துவிட வேண்டும். அடுத்து, கூட்ட வேண்டிய எண்ணைக் கணக்கிட வேண்டும். வலிமை, சுறுசுறுப்பு முதலிய திறன்களின் மதிப்பிலிருந்து 10-ஐக் கழித்து, எஞ்சுவதைப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழ்நோக்கி முழுமையாக்கினால் கிடைப்பது திறன் மாற்றெண். ஆகவே வலிமை 16 உள்ள முதல் நிலை வீரருக்கு அது 3. பழகிய ஆயுதத்தை ஏந்துபவருக்குக் கிடைக்கும் தேர்ச்சி எண், முதல் நான்கு நிலைகளில் 2. கைகலப்பு ஆயுதங்களுக்குப் பொதுவாக வலிமையும் வில்லுக்குச் சுறுசுறுப்பும் கணக்கில் வரும்.

இனி இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு, மாற்றெண் 3-உம் தேர்ச்சி எண் 2-உம் சேர்ந்த 5-ஐக் கூட்ட வேண்டும். எதிரே நிற்பது எலும்புக்கூடு என்றால் அதன் கவச எண் 13. கூட்டுத்தொகை அதற்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் அடி பட்டுவிடும் என்பதால், பகடையில் 8 விழுந்தாலே போதும், அதாவது வாய்ப்பு 65 விழுக்காடு. எதிரி அசைய இயலாமல் கட்டுண்டிருப்பது போன்ற சாதகமான நிலையில் இரு பகடைகளை உருட்டிப் பெரியதைக் கொள்வதால் வாய்ப்பு ஏறத்தாழ 88 விழுக்காடாக உயர்கிறது. பாதகமான நிலையில் சிறியதைக் கொள்ள நேர்வதால் அது 42-ஆகச் சரிகிறது. இந்த வேறுபாடு சிறிய மாற்றெண்கள் பலவற்றைவிடப் பெரிது என்பதால், நல்ல இடம் பார்த்து நிற்பதில் செலவிடும் சிந்தனை வீணாவதில்லை. பகடையில் 1 விழுந்தால் எவ்வளவு கூட்டினாலும் அடி தவறும். 20 விழுந்தால் கவசம் எதுவாயினும் அடி படும்.

அடி பட்ட பிறகே சேதப் பகடை உருட்டப்படும். நீள்வாளை ஒரு கையில் ஏந்தினால் எட்டு முகப் பகடை, இரு கைகளிலும் ஏந்தினால் பத்து முகப் பகடை. அதனோடு வலிமையின் 3 சேரும், தேர்ச்சி எண் சேராது. முன்பு 20 விழுந்திருந்தால் சேதப் பகடைகளின் எண்ணிக்கை இரட்டிக்கும், ஆனால் மாற்றெண் ஒருமுறைதான் கூடும்.

கடைசியாக, சேதத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ஒரு வகைக்கு எதிர்ப்பு உள்ள எதிரிக்கு மொத்தம் பாதியாகும், பலவீனம் உள்ளதற்கு இருமடங்காகும். இப்பெருக்கம் மாற்றெண்ணையும் சேர்த்தே நடப்பது. எலும்புக்கூடு மொத்தும் ஆயுதங்களுக்குப் பலவீனமானது, அதன் உயிர்ப் புள்ளிகள் 13. ஒரு கை நீள்வாளின் சாதாரண அடி 11-ஐத் தாண்டாது என்பதால் அதை ஒரே வீச்சில் வீழ்த்த முடியாது; சிறிய ஆயுதமாகத் தோன்றும் தண்டாயுதத்தின் ஆறு முகப் பகடையிலோ 4 விழுந்தாலே 3 கூடி 7 ஆகி, அது இரட்டித்து 14 ஆகி, எலும்புக்கூடு அங்கேயே உதிர்ந்துவிடும்.