தமிழ் நூல் படிக்க இ-ரீடரா, டேப்லெட்டா?

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, பிரிக்பீல்ட்சில் வேலை செய்பவருக்குப் போக வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் படிக்கக் கிடைக்கும். அதற்கு இ-ரீடர் வாங்குவதா, டேப்லெட் வாங்குவதா? விலையைப் பார்க்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். திரை எப்படி இயங்குகிறது? நாம் படிக்கப்போகும் நூல் எந்த வடிவில் இருக்கிறது?

திரைக்குள் என்ன நடக்கிறது?

டேப்லெட் திரை ஒளியை வெளியிடுகிறது. ஜன்னலோர வெயிலில் அந்த ஒளி தோற்றுப்போவதால் எழுத்து மங்கித் தெரிகிறது.

இ-ரீடரில் இருப்பது மின்மைத் திரை. அமெரிக்காவின் எம்ஐடியில் பிறந்த இந்தத் தொழில்நுட்பத்தை வளர்க்க 1997இல் ‘இ இங்க்’ நிறுவனம் தொடங்கப்பட்டது. தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் திரை முழுதும் பரவியிருக்கும். ஒவ்வொன்றிலும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள் மிதக்கும். மின்புலம் எந்த நிறத்தை மேலே இழுக்கிறதோ அதுவே நம் கண்ணுக்குத் தெரியும். பின்பு மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் அப்படியே நிற்கும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவைப்படுவதால், ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். தாளைப்போல வெளி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெயிலிலும் தெளிவாகத் தெரியும். ஆனால் வேகம் குறைவு, காணொளிக்கு ஏற்றதல்ல.

இரவில் படிப்பவர்களுக்கு

பாஸ்டன் ஆய்வாளர்கள் 2014 இறுதியில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் 12 பேர் ஐந்து இரவுகள், படுக்கும் முன் நான்கு மணி நேரம் ஒளிவீசும் டேப்லெட்டில் படித்தனர். அச்சு நூல் படித்த இரவுகளைவிட, உறக்கம் வர ஏறக்குறைய 10 நிமிடம் கூடுதலாக ஆனது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பும் குறைந்தது. விளக்கு பொருத்திய இ-ரீடரிலும் இரவில் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது நல்லது.

தமிழ் நூலின் வடிவம்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இத்தகைய நூல்களை ஈபப் வடிவில் திறந்தால், எழுத்தைப் பெரிதாக்கும்போது வரிகள் திரைக்கேற்ப மடிந்துகொள்ளும். பார்வை மங்கியதால் படிப்பையே விட்டுவிட்ட தாத்தா பாட்டிக்கு இது பெரிய வரம்.

பழைய நூல்கள் பலவும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த படங்களாகவே உள்ளன. அவற்றை 6 அங்குல இ-ரீடரில் திறந்தால் எழுத்து பொடியாகிவிடும். பெரிதாக்கினாலோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இப்படியும் அப்படியும் நகர்த்த வேண்டும். இவற்றுக்கு 10 அங்குல டேப்லெட்டே வசதி.

எழுத்துரு இன்னொரு சிக்கல். ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி ‘க’வின் இருபுறமும் அமைய வேண்டும். தமிழ் ஆதரவு இல்லாத கருவியில் அது சிதறிவிடும். ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘இணைமதி’ எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். இ-ரீடர் வாங்கும்போது கொக்கு, கோயில், பௌர்ணமி ஆகிய சொற்கள் சரியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

செய்து பாருங்கள்

நீங்கள் படிக்க விரும்பும் நூலைக் கைப்பேசியில் திறந்து, ஒரு சொல்லை விரலால் அழுத்திப் பிடியுங்கள்.

1. சொல் தேர்வாகவில்லை என்றால், பெரும்பாலும் அது படம். டேப்லெட் ஏற்றது.
2. தேர்வானால், நகலெடுத்து ஒரு குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட் எழுத்து. அந்நூல் ஈபப் வடிவிலும் கிடைத்தால் இ-ரீடரில் சுகமாகப் படிக்கலாம்.
3. புரியாத குறிகள் வந்தால் அது பழைய எழுத்துரு முறை. பக்கத்தை அப்படியே காட்டும் டேப்லெட்டே பாதுகாப்பு.

எஸ்பிஎம் மாணவருக்குக் காணொளிப் பாடமும் ஸ்கேன் செய்த வினாத்தாளும் தேவை என்பதால் டேப்லெட் பொருந்தும். நாவலும் சிறுகதையும் மட்டுமே படிப்பவருக்கு இ-ரீடர் போதும். இந்தச் சோதனையை ஐந்து நூல்களில் செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.